தேரியில் ஓடும் வண்டிக்கு எந்த ஆயில்? அறிகுறி வழியாகக் காரணத்தைக் கண்டறியும் முறை

திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துத் தேரி எனும் செம்மணல் மேடுகளில் பைக் ஓட்டுகிறவர்களும், முருங்கைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் வேலைக்காக ஏடிவி எனும் நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்த ஆயிலு நல்ல ஆயிலு?" இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது. ஊற்றப்போகும் ஆயில் வண்டிக்குள் எங்கெல்லாம் போகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறோர் ஆயில். கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. நம்முடைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றிலோ பிஸ்டனும் கியரும் கிளட்ச் பிளேட்டும் ஒரே ஆயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்சுக்கு அளவுக்கு மீறிய வழுக்கல் ஆகாது. கியர் பற்களோ ஓடுகிற நேரமெல்லாம் அந்த ஆயிலை நசுக்கிக்கொண்டே இருக்கின்றன. கீழே வரும் கோளாறுகளில் பல இந்த மூன்று தேவைகளில் ஏதோ ஒன்றை மறந்ததால் வருபவை; மற்றவை ஆயிலின் மீது பழி விழுந்தாலும் ஆயிலால் வராதவை. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் தவறான காரணத்துக்காக ஆயிலை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அதிகம் காசு தின்னும் பழக்கம்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை

மணல் மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். ஆயிலைச் சந்தேகிப்பதற்கு முன் கிளட்ச் லீவரின் தளர்வைப் பாருங்கள். கேபிள் உள்ள பெரும்பாலான பைக்குகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் கேபிள் இறுக்கமாக இருந்தால், கையை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அப்போது எந்த ஆயிலை ஊற்றினாலும் நழுவும்.

தளர்வு சரியாக இருந்து, ஆயில் மாற்றிய சில நாட்களில் நழுவல் தொடங்கியிருந்தால், ஊற்றிய டப்பாவைத் தேடி எடுங்கள். அதன் பின்புறத்தில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டுடன் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் நனையும் கிளட்ச் எவ்வளவு பிடிமானத்தோடு இயங்கும் என்பதைச் சோதித்துத் தரப்படுவது இந்தக் குறியீடு. 1998-இல் வந்தது, 2006-இல் எம்ஏ என்பதற்குள் எம்ஏ1, எம்ஏ2 என்ற உட்பிரிவுகள் சேர்ந்தன. எம்ஏ2 பிடிமானம் மிகுந்தது. மணலிலும் சேற்றிலும் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு ஓட்டுகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். எம்பி என்பது உராய்வு குறைந்த ஆயில். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனையாததால் அதற்கு எம்பி கேடு செய்யாது; பைக்குக்குச் செய்யும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலும் பைக்குக்கான எம்ஏ ஆயிலும் ஆயிலின் கனத்தைக் குறிக்கும் ஒரே 10டபிள்யூ-30 என்ற எண்ணோடு, ஏறத்தாழ ஒரே நிற டப்பாவில் கடை அலமாரியில் அருகருகே நிற்கும். எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் கைக்கு வந்தது கிடைக்கும்.

கார் ஆயில் இன்னொரு வழியில் கெடுக்கும். டப்பாவில் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்டமான முத்திரை இருந்தால், அதன் மேல் வளைவில் தர வகையும் நடுவில் கனத்தின் எண்ணும் இருக்கும். கீழ் வளைவில் எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்ற சொற்கள் இருந்தால், அந்த ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. அவை கிளட்ச் பிளேட்டின் முகத்தில் படிந்தால் பிளேட் பிடிக்காது. ஏபிஐ எஸ்எல் 2001-இலும் எஸ்என் 2010-இலும் எஸ்பி 2020-இலும் வந்த வகைகள் என்பதால், புதியதுதான் உயர்ந்தது என்று எண்ணி எஸ்பி கார் ஆயிலைத் தேடிப்போய் வாங்குகிறவர்கள் உண்டு. ஏபிஐ வகை எஞ்சினைப் பற்றிப் பேசுகிறது, கிளட்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் வண்டிக்கே இது நேர்ந்தது. நான் அருகில் இல்லாத நேரத்தில் ஒரு பட்டறையில், காருக்கு ஊற்றி மீதமிருந்த ஆயிலை நல்லெண்ணத்தோடுதான் ஊற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் இட்டமொழிப் பக்கத்து மண்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இப்படி நேர்ந்தால் சூடான எஞ்சினிலிருந்து ஆயிலை முழுதாக வடித்து, ஃபில்டரை மாற்றி, சரியான எம்ஏ2 ஆயிலை ஊற்றி 50 கிலோமீட்டர் அளவுக்கு மென்மையாக ஓட்டிவிட்டு, மறுபடியும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பிளேட்டைக் கழற்றிப் பார்ப்பது தவிர வழியில்லை. முகம் பளபளப்பேறிக் கருகியிருந்தால் புதிய பிளேட் போட வேண்டும். புதியதைப் பூட்டுவதற்கு முன் ஊற்றப்போகும் அதே ஆயிலில் இரவு முழுதும் ஊறவிடுவது நல்லது.

டிராக்டர் ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தோட்டத்தில் டிரம்மில் இருப்பதால் கை அதை நோக்கித்தான் முதலில் போகும். 15டபிள்யூ-40 டீசல் ஆயில்களில் சில ஜாசோ எம்ஏ தகுதியும் பெற்றவை, அவற்றை ஊற்றலாம். அந்தக் குறி இல்லாத ஆயிலால் கிளட்ச் நழுவியே தீரும் என்றும் சொல்ல முடியாது, நழுவாது என்றும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க உங்கள் கிளட்ச் பிளேட்தான் இருக்கிறது என்றால் நான் ஊற்ற மாட்டேன்.

காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி தாவுகிறது, நியூட்ரல் விழவில்லை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்: கிளட்ச் விட மறுக்கிறது. கேபிள் தளர்வு அளவுக்கு மீறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து, எஞ்சின் சூடானதும் தொந்தரவு மறைந்துவிட்டால், ஆயில் தேவையைவிடக் கெட்டியாக இருக்கலாம். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, "நம்மூரு வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றியிருப்பார்கள். சூடான பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் கிளட்ச் பிளேட்டுகளைத் தாங்கும் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம். அதை ஆயில் சரிசெய்யாது.

முதல் சில வாரம் நன்றாக இருந்து, பிறகு கியர் கடினமாகிறது

கியர் மாற்றும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பொய்யான நியூட்ரலில் விழுவதும், காலால் இருமுறை அழுத்த வேண்டியிருப்பதும் ஆயில் நைந்துபோனதன் அடையாளங்கள். இரு எண் கொண்ட ஆயிலில், சூட்டில் கனம் குறையாமல் இருப்பதற்காக நீண்ட பாலிமர் இழைகள் சேர்க்கப்படுகின்றன. கியர் பற்கள் அந்த இழைகளை வெட்டுகின்றன. இழை வெட்டுப்பட்டதும் 40 என்று வாங்கிய ஆயில் 30-இன் கனத்துக்கு இறங்கிவிடும். இந்த எண்கள் 100 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுபவை: சென்டிஸ்டோக் என்ற கன அலகில், 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 40-இன் கீழ்விளிம்பில் தொடங்கும் மலிவான ஆயில், எல்லையைத் தாண்டிக் கீழே விழ அதிக நாள் ஆகாது.

இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள அகலம் கூடக்கூட, சாதாரண மினரல் ஆயிலில் அதிகப் பாலிமர் தேவைப்படுகிறது. ஆகவே மினரல் ஆயில்தான் வாங்குவதென்றால் அகலமான எண்ணைத் தேடாதீர்கள். அகலம் வேண்டுமென்றால் சிந்தெடிக், அதாவது செயற்கையாக உருவாக்கிய ஆயில், வாங்குங்கள். மேலும், மணலில் ஓடிய கிலோமீட்டரைச் சாலையில் ஓடிய கிலோமீட்டரோடு ஒப்பிடக் கூடாது. ஓடோமீட்டர் 20 காட்டும் ஒரு காலை நேரத் தேரி ஓட்டத்தில் எஞ்சின் மூன்று மணி நேரம் முழு மூச்சில் உழைத்திருக்கும். மோட்டோகிராஸ் பைக்குகளின் கையேடுகள் இதனால்தான் மணிக்கணக்கில் பேசுகின்றன. ஹோண்டா சிஆர்எஃப் வரிசையின் கையேட்டில் ஆறு பந்தயம் அல்லது ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். நம் சாலை பைக்குகளில் ஆயில் அதிகமாகப் பிடிக்கும் என்பதால் அவ்வளவு கடுமை தேவையில்லை. மணலில் தொடர்ந்து ஓட்டுபவர்கள் கையேடு சொல்லும் தூரத்தில் பாதிக்கு மாற்றினால் போதும் என்பது என் கணிப்பு.

சூடேறியதும் மேலே டக்டக்கென்று சத்தம்

அக்னி நட்சத்திர நாட்களில், காற்றே படாமல் முதல் கியரில் மணலில் ஊர்ந்துசெல்லும், காற்றால் குளிரும் எஞ்சினில் இந்தச் சத்தம் கேட்பது இயல்பு. ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். இரண்டும் சரியென்றால் எண்ணின் கதைக்கு வரலாம்.

10டபிள்யூ, 20டபிள்யூ என்பவற்றில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் பம்பில் ஏற வேண்டும் என்பது சோதனை. மாஞ்சோலையின் மார்கழி விடியல்கூட இதன் பக்கத்தில் வராது. ஆகவே நம் சீமைக்குப் பொருள் உள்ளது இரண்டாவது எண்தான். அதையும் வெயிலைப் பார்த்து நாமாகக் கூட்டிவிட முடியாது, ஏனென்றால் தாங்குதளங்களின் இடைவெளியையும் ஆயில் வழிகளின் அகலத்தையும் வைத்துத்தான் தயாரிப்பாளர் அந்த எண்ணைத் தேர்ந்திருக்கிறார். ஒரே தேரியில் ஓடினாலும் எக்ஸ்பல்ஸ் 200-க்கு 10டபிள்யூ-30, பழைய 411 சிசி ஹிமாலயனுக்கும் 390 அட்வென்ச்சருக்கும் 15டபிள்யூ-50 என்று கையேடு சொல்வது இதனால்தான். வெப்பநிலைக்கு ஏற்ற எண்களின் அட்டவணை உங்கள் கையேட்டில் இருந்தால், அதற்குள் ஒரு படி ஏறிக்கொள்ளலாம். அட்டவணை இல்லையென்றால் எண்ணை மாற்றாமல், அதே எண்ணில் சிந்தெடிக் ஆயிலுக்கு மாறுங்கள். சூட்டில் கெட்டுப்போகாமல் இருப்பதில் அதற்கே வலிமை அதிகம்.

ஆயில் பால் விட்ட காப்பி போல ஆகிவிட்டது

இது தண்ணீர். எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். குறைந்த தூரமே ஓட்டி நிறுத்தும் வண்டியில், ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளுத்த நுரை இருந்து, கீழே வடியும் ஆயில் தெளிவாக இருந்தால், அது உள்ளே வியர்த்த ஈரம். அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டினால் போய்விடும். நம்பியாற்றையோ ஓர் ஓடையையோ கடந்தபோது எஞ்சின் நின்று, அதன் பிறகு ஆயில் வெளுத்தால், மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான எஞ்சின் சட்டென்று குளிரும்போது அந்தக் குழாய் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குழாயின் நுனி தாழ்வாகத் தொங்கினால் டேங்குக்கு அடியில் உயர்த்திக் கட்டிவிடுங்கள். தண்ணீரில் இறங்காமலேயே ஆயில் வெளுத்து, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் வாட்டர் பம்ப் சீலையோ ஹெட் பேக்கிங்கையோ சந்தேகிக்க வேண்டும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் சொட்டுகிறதா என்று பார்த்தால், பம்பின் சீல் தேய்ந்திருப்பது தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது மூழ்கிய வண்டிகளை நினைவிருக்கும். அவற்றில் பல, தண்ணீரால் போனதைவிட, தண்ணீர் வடிந்ததும் உடனே செல்ஃப் அடித்துப் பார்த்ததால்தான் போயின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒரு நாள் அசையாமல் நிறுத்திவைத்து, ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். கனமான தண்ணீர் அடியில் தங்கியிருப்பதால் அதுவே முதலில் வரும், எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் டேங்கையும் சுத்தம் செய்த பிறகு, விலை குறைந்த, ஆனால் சரியான எண்ணும் எம்ஏ குறியும் உள்ள ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடியுங்கள். வடியும் ஆயிலில் வெளுப்பு அறவே நிற்கும் வரை, மூன்று முறையானாலும் நான்கு முறையானாலும், இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நல்ல சிந்தெடிக் ஆயிலைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டீசலை ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். மிச்சம் தங்கும் டீசல் புதிய ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறுகிறது

டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிந்து உள்ளே இறங்குகிறது. ஊசியைச் சரிசெய்த பிறகே ஆயிலை மாற்ற வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

நீலப் புகை, ஆயில் குறைந்துகொண்டே போகிறது

கடையில் இதற்கு இன்னும் கெட்டியான ஆயில் தருவார்கள். புகை சில நாள் குறையும், காரணம் அப்படியே இருக்கும். முதலில், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மிகுதியான ஆயில் நுரைத்து, மூச்சுக் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குப் போய் எரியும். மட்டம் சரியென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தை, அதாவது எஞ்சினை நோக்கிய குழாயின் உட்புறத்தை, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் விடை கிடைத்துவிட்டது. தேரி மண் இரும்புச் சாயம் ஏறிய குவார்ட்ஸ் மணல். குவார்ட்ஸ் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. ஆடிக் காற்றில் பறக்கும் அதன் நுண்தூள் ஃபில்டரின் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் நுழைந்து, ஆயிலோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். தேய்ந்த ரிங்கை எந்த ஆயிலும் வளர்க்காது. நுரை ஃபில்டராக இருந்தால் ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பின்னும் கழுவிக் காயவைத்து, ஃபில்டருக்கென்று விற்கும் பிசுபிசுப்பான எண்ணெயைப் பிசைந்து ஏற்றி, விளிம்பில் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். காகித ஃபில்டரில் எண்ணெய் தடவக் கூடாது. அதைத் தட்டிப் பயன்படுத்துவதைவிட மாற்றுவது மேல்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் வெண்புகை, கியர் ஆயில் காணாமல் போகிறது

1996-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100-ஐ மண்பாதைக்காகத் திருத்தி வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் பலர். இவ்வகை வண்டியில் கியர் பாக்ஸ் ஆயில் தனி. பிஸ்டனுக்குப் பெட்ரோலோடு வரும் 2டி ஆயில் தனி. கியர் ஆயில் தரையில் சொட்டாமல் குறைந்து, சைலன்சரில் வெண்புகை அடர்ந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. சீல் மாற்றுவதே வழி.

இவ்வண்டியின் கியர் பாக்ஸில் கிளட்சும் நனைகிறது என்பதால் அங்கும் ஜாசோ எம்ஏ ஆயில்தான். கியர் என்ற சொல்லைக் கேட்டு லாரிக் கடையில் ஜிஎல்-5 என்ற கியர் ஆயிலை வாங்கி ஊற்றாதீர்கள். 90 என்ற எண்ணைப் பார்த்து அது 50-ஐவிட இரு மடங்கு கெட்டி என்றும் எண்ண வேண்டாம். கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல், அதன் 90 ஏறத்தாழ எஞ்சின் ஆயிலின் 40, 50-இன் கனமே. 2டி ஆயிலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உவரி, கூத்தங்குளி கரைகளில் படகு எஞ்சினுக்கு வாங்கும் டிசி-டபிள்யூ3 ஆயில் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை ஊற்றுவதுண்டு; அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஆனது. காற்றால் மட்டும் குளிரும் பைக்கின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல.

ஏடிவி இழுக்கவில்லை, ரப்பர் கருகும் நாற்றம்

ஏடிவியில் இரு வகை உண்டு. 110 சிசி சிறு வண்டிகளில் தானாகப் பிடிக்கும் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைகிறது. பைக்கின் விதிகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். பெரிய வண்டிகள் பலவற்றில் பெல்ட் வழியாக ஓடும், வேகத்துக்கேற்பத் தானாக மாறும் சிவிடி என்ற அமைப்பு இருக்கிறது. பெல்ட் நழுவி நாற்றம் வந்தால் ஆயிலை மாற்றிப் பயனில்லை. பெல்ட் உறைக்குள் தண்ணீரோ, கசிந்த ஆயிலோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உலர்த்திச் சுத்தம் செய்து, கசியும் சீலை மாற்றுங்கள். கனமான பாரத்தை உயர் கியரில் இழுப்பதும் பெல்ட்டைக் கருக்கும். தேங்காய் ஏற்றிய டிரெய்லரை மணலில் இழுக்கும்போது தாழ் கியரையே பயன்படுத்த வேண்டும்.

இவ்வகை வண்டியில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு ஓர் ஆயில், முன் டிஃபரன்ஷியலுக்கு வேறு, பின்னுக்கு வேறு என்று நான்கு இடங்கள்கூட இருக்கலாம். தண்டால் சக்கரத்தைச் சுழற்றும் ஹோண்டா ஏடிவிகளின் இறுதிக் கியருக்கு ஹைப்பாய்டு கியர் ஆயில் கேட்பார்கள். இங்கேதான் கியர் ஆயிலுக்கு உண்மையான இடம். சில நான்கு சக்கர இயக்க வண்டிகளின் முன் டிஃபரன்ஷியலோ, தனக்கென்று செய்த ஆயில் இல்லையென்றால் பூட்டாமல் போகும் அல்லது திருப்பத்தில் முனகும். நான்கு டிரெயின் போல்ட்டுகளில் எது எதற்கு என்று குழம்பி, ஒன்றை வடித்து வேறொன்றில் ஊற்றிய ஏடிவி ஒன்று எங்கள் பக்கத்துத் தோப்பில் இருக்கிறது. அதன் பிறகு அவ்வண்டியின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில், அந்த இடத்து ஆயிலின் பெயரையும் அளவையும் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம்.